தராசில் தன்னையே வைத்தவர்

சாத்தூர் வியாபாரம் பழகிய ஊர். பருத்தியும் மிளகாய் வற்றலும் தராசில் ஏறி இறங்கிக் கைமாறும் சீமை அது. படிக்கல் சரிதானா என்று வாங்குகிறவன் பார்ப்பான். முள் நேராக நிற்கிறதா என்று விற்கிறவனும் பார்ப்பான். அடுத்தவன் நிறுவையில் குறை கண்டுபிடிக்க எல்லோருக்கும் தெரியும். அதே தராசில் தன்னையே ஏற்றி வைத்து, தான் எத்தனை பலம் குறைகிறோம் என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

அப்படிப் பார்த்த ஒருவர் அந்தப் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலே பிறந்தார். அவர்தான் தோர்ணக்கல் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

சாத்தூர் தாலுகா அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததாக இருந்தது. 1910ஆம் ஆண்டில்தான் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகி, சாத்தூர் அதில் சேர்ந்தது. ஜில்லாவின் வடகோடியில் சாத்தூரின் கரிசல் காடு. தென்கோடியில் செம்மண் தேரியும் பனங்காடும். அந்தப் பனங்காட்டுக்கு நடுவே வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி அசரியா பிறந்தார்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்ச் சபையின் பாதிரியார். தாயார் பெயர் எல்லன். நெடுங்காலம் காத்திருந்து, வேண்டிப் பெற்ற பிள்ளை. ஆகையால் வேதத்தில் வரும் அன்னாள் தன் மகனுக்கு இட்ட சாமுவேல் என்ற பெயரையே அவர்களும் வைத்தார்கள்.

பையனுக்குப் பதினைந்து வயது ஆவதற்குள் தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் கண்டிப்பானவர். வறுமை இருந்தாலும் படிப்பை நிறுத்தவில்லை. மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த பின்பு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு மகனை அனுப்பி வைத்தார். திருநெல்வேலியிலிருந்து சென்னை போகும் ரயில் அந்நாளில் வைப்பாற்றைக் கடந்து, சாத்தூர் வழியாகவே போயிற்று. பின்னாளில் இந்தியாவையே சுற்றிய அந்த மனிதரின் வெளியுலகப் பயணம் தொடங்கியது அந்தப் பாதையில்தான்.

கல்லூரியில் நன்றாகவே படித்தார். ஆனால் பரீட்சை சமயத்தில் நோய் வந்து படுத்துவிட்டார். கணிதப் பரீட்சை எழுத முடியவில்லை. பி. ஏ. பட்டம் கைநழுவிப் போயிற்று. பட்டம் இல்லையே என்று அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1895ஆம் ஆண்டில் ஒய். எம். சி. ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவச் சங்கத்தில் ஊழியத்துக்குச் சேர்ந்தார். தென்னாட்டு ஊர்களெல்லாம் சுற்றி, வாலிபர்களைக் கூட்டிப் பேசுவதும் அவர்களை நல்வழியில் ஒழுங்குபடுத்துவதும் அவர் வேலை.

பட்டம் பெறாத அந்த மாணவருக்கு 1920ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அது பிந்திய கதை.

40 ரூபாய்க் கல்யாணம்

வாலிபர்களுக்கு நல்லொழுக்கம் போதிக்கிறவருக்குக் கல்யாண வயது வந்தது. அந்நாளில் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வரதட்சணை வழக்கம் வேரூன்றியிருந்தது. படித்த மாப்பிள்ளைக்கு விலை அதிகம். கோயிலில் தெய்வ பயம் பேசிவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரொக்கமும் நகையும் பேரம் பேசுவார்கள். அது தவறு என்று பலருக்கும் தெரியும். ஆனால் தம் வீட்டில் கல்யாணம் வரும்போது தவறு என்று சொல்ல வாய் வராது.

1898ஆம் ஆண்டில் அசரியாவுக்கும் அன்பு மரியம்மாளுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. அந்தப் பெண், தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்புப் படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். மாப்பிள்ளை வரதட்சணை வாங்க மறுத்தார். மணப்பெண்ணும் அதே மனம் உடையவர். ஊரை அழைத்து ஆடம்பரம் செய்யவும் இருவரும் இசையவில்லை. கல்யாணச் செலவு மொத்தம் 40 ரூபாய்.

கடன் வாங்கிக் கல்யாணம் செய்து, பிள்ளை பிறந்த பிறகும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிற குடும்பங்கள் நிறைந்த காலம் அது. அந்த 40 ரூபாய்க் கல்யாணம் பலருக்கு வியப்பாக இருந்தது. பின்னால் சிலருக்கு முன்மாதிரியாகவும் ஆயிற்று. மேடையில் நின்று ஆயிரம் பேருக்கு நியாயம் சொல்வதைவிட, உறவினர் கூடிய வீட்டில் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்வது கடினம். அந்தக் கடினமான சொல்லை அசரியா முதலில் தம் வீட்டில் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் வந்த வெட்கம்

1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே கண்ட ஒரு காட்சி அவர் மனத்தைக் குடைந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல், தாங்களே காசு சேர்த்து, கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோ சின்னஞ்சிறு கூட்டம். திருநெல்வேலிச் சபையோ ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டது. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, கோயில் எல்லாவற்றுக்கும் சீமையிலிருந்து பணம் வரும் என்று அது கை நீட்டிக்கொண்டிருந்தது.

வாங்குவதற்கு நீட்டிய கையை, கொடுப்பதற்கு என்றைக்கு நீட்டப்போகிறோம் என்று அசரியா வெட்கப்பட்டார். வெட்கத்தோடு நிற்கவில்லை. ஊர் திரும்பி நண்பர்களைக் கூட்டினார். 1903ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அதன் ஏற்பாடு எளியது. பணம் இந்தியருடையது. ஊழியர் இந்தியர். நிர்வாகமும் இந்தியருடையது. சரியாக நடந்தால் பெருமை நம்முடையது. தவறினால் பழியும் நம்முடையதே. பொறுப்பு என்பது அதுதான்.

அந்தப் பொறுப்புக்குச் சாத்தூர், சிவகாசிச் சீமையில் ஒரு பழைய அடையாளமும் உண்டு. 1854ஆம் ஆண்டு முதல் ராக்லாந்து என்னும் பாதிரியார் அந்த வட்டாரத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு, கிராமம் கிராமமாகச் சுற்றி ஊழியம் செய்தார். 1858ஆம் ஆண்டில் சிவகாசியிலேயே உயிர் நீத்தார். தென்பகுதித் தமிழ்ச் சபைகள் தங்கள் சொந்தச் செலவில் உபதேசிமார்களை முறை வைத்து அவருக்குத் துணையாக அனுப்பின. அரை நூற்றாண்டுக்கு முன் விழுந்த அந்த வித்து, அசரியாவின் காலத்தில் மரமாயிற்று என்று சொல்லலாம்.

பணம் எங்கிருந்து வரும்? பெரிய பணக்காரர் எவரும் மூட்டையை அவிழ்க்கவில்லை. ஏழைகள் அணா அணாவாகக் கொடுத்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தைப் பின்னாளில் தோர்ணக்கல் சபைப் பெண்களும் கைக்கொண்டார்கள். பிடியரிசியின் பலம் விருதுநகர் வட்டாரத்து மக்களுக்குத் தெரியாததல்ல. காமராஜர் சிறுவயதில் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையும் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து வளர்த்த பள்ளிக்கூடம்தான்.

ஊருக்கு மட்டும் உபதேசமா?

1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் வங்காளத்திலுள்ள ஸ்ரீராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதிலும் அசரியா முன்நின்றார். கல்லூரி கல்லூரியாகப் போய், வாலிபர்களே, வசதியை விடுங்கள், எழுத்தறியாத ஏழை மக்களிடம் போய்ச் சேவை செய்யுங்கள் என்று அழைத்தார். வாலிபர்கள் மனம் உருகிக் கேட்டார்கள்.

அப்போதுதான் அவர் மனச்சாட்சி அவரையே கேட்டது. மற்றவர்களைப் போகச் சொல்கிறாயே, நீ போனாயா?

அவருக்கு முப்பத்து நான்கு வயது. மனைவி மக்கள் இருந்தார்கள். நல்ல உத்தியோகம், நாடெங்கும் பெயர், வெளிநாட்டுப் பெரியவர்களின் நட்பு எல்லாம் இருந்தன. உன் வேலை ஆட்களைத் திரட்டுவது, அதுவும் சேவைதானே என்று சமாதானம் சொல்ல ஆயிரம் காரணம் உண்டு. அவர் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. ஊருக்கு உபதேசம் சொல்கிறவன் அதைத் தனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று துணிந்தார்.

1909ஆம் ஆண்டில் உத்தியோகத்தை விட்டார். அதே ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். இந்திய மிஷனெரி சங்கத்தின் சாதாரண ஊழியராகத் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். அது நிஜாம் சமஸ்தானத்தைச் சேர்ந்த தெலுங்கு நாட்டு ஊர். இன்று தெலங்கானாவில் இருக்கிறது. தெரியாத ஊர், தெரியாத மொழி. முப்பத்தைந்தாவது வயதில் பள்ளிப் பிள்ளையைப்போல் தெலுங்கு அரிச்சுவடியை எடுத்து உட்கார்ந்தார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களைச் சுற்றினார்.

எடின்பரோ மண்டபம்

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஆசியாக்காரர் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் அசரியா.

வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பதைப் பற்றி அவர் பேச வேண்டும். எதிரே இருப்பவர்கள் யார்? அவருக்குப் பள்ளிக்கூடம் வைத்த சங்கங்களின் தலைவர்கள். அவர் தகப்பனாருக்கு ஊழியம் கொடுத்தவர்களைச் சேர்ந்தவர்கள். நாலு வார்த்தை நன்றி சொல்லி, கைதட்டு வாங்கி இறங்கியிருக்கலாம். குறை சொன்னால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைத்தவன் என்ற பழி வரும். இந்தியா அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்த அடிமை நாடு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அசரியா எழுந்து உண்மையைச் சொன்னார். மிஷனெரிமார் செய்த தியாகத்தை அவர் மறுக்கவில்லை. நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் வெள்ளைப் பாதிரியாருக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே உள்ள உறவு எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் உள்ள உறவாக இருக்கிறது என்றார். பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தும் இந்தியச் சகோதரனைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒருவேளை உணவு கொடுக்காதவர்கள் இருப்பதை எடுத்துக் காட்டினார். கை குலுக்கத் தயங்குவதையும் சொன்னார். நாற்காலியும் தேநீரும் தமக்குப் பெரிதல்ல, அவற்றின் பின்னே நட்பு இருக்க வேண்டும் என்பதே தமது வேண்டுகோள் என்று விளக்கினார். எங்களுக்கு எத்தனையோ கொடுத்தீர்கள், இனி நண்பர்களையும் கொடுங்கள் என்பது அவர் பேச்சின் முடிவு.

மண்டபம் திகைத்தது. சிலருக்குக் கோபம் வந்தது. நன்றி கெட்ட பேச்சு என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மை சுட்டதால் தலைகுனிந்தவர்களும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேல் கடந்த பிறகும், அந்த மகாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சை மறப்பதில்லை.

அவர் சொன்ன உண்மைக்கு எடை எங்கிருந்து வந்தது? குறை சொல்லுமுன் தம் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஏழைக் கிராமத்துக்குப் போனவர் அவர். தம்மவர் கை நீட்டி நிற்பதைக் கண்டு முதலில் வெட்கப்பட்டவரும் அவரே. தன்னை நிறுத்துப் பார்த்தவன் பிறரை நிறுக்கும்போது, தராசு சாயாது.

முதல் இந்திய பிஷப்

ஆங்கிலிகன் சபையில் அதுவரை இந்தியர் எவரும் பிஷப் ஆனதில்லை. சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவை பிஷப் ஆக்க வேண்டும் என்று வாதாடினார். எதிர்ப்பு வந்தது. இந்தியன் கீழே வெள்ளைக்காரர் எப்படி வேலை செய்வது என்றார்கள் சிலர். நம்மில் ஒருவன் நமக்கு மேலே போவதா என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலரும் முணுமுணுத்தார்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் அவர் வேலையாலேயே பதில் சொன்னார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி, கல்கத்தா அர்ச். பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார்.

இப்போது அவருக்கு வேறொரு சோதனை. எடின்பரோவில் அந்நியரின் மேட்டிமையைக் கண்டித்தவர், தோர்ணக்கல்லில் தாமே அந்நியர். தெலுங்கு மக்களுக்குத் தமிழர், ஏழை மக்களுக்குப் படித்தவர், கூலிக்காரருக்குப் பிஷப். தாம் பிறரிடம் கேட்ட நட்பைத் தாம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தீண்டாமைக் கொடுமையில் நசுங்கிய மாலர், மாதிகர் முதலிய மக்கள். அவர்களுக்குள்ளேயும் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றுவிட்டு ஜாதியை மடியில் கட்டிக்கொண்டு வருவது பொய் என்று அவர் போதித்தார். எல்லோரும் ஒரே பந்தியில், ஒரே பாத்திரத்தில் பங்கு பெற வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் கிராமத்தின் பகைவர்கள் என்று கருதி அவற்றோடு போராடினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவது மட்டும் பக்தி அல்ல. திங்கட்கிழமை வீட்டைப் பெருக்குவதும், கள்ளுக்கடையைத் தாண்டி நேரே வீடு வந்து சேர்வதும், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதும் பக்திதான் என்பது அவர் வழி. பெண்களிடையே நடந்த ஊழியத்தை அன்பு மரியம்மாள் தோளில் தாங்கினார்.

தோர்ணக்கல் பேராலயத்தை ஐரோப்பியக் கோயிலின் நகலாகக் கட்ட அவர் சம்மதிக்கவில்லை. மசூதியின் கும்மட்டமும் இந்துக் கோயிலின் தூணும் கலந்த அழகிலே அது எழுந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி அதைப் பிரதிஷ்டை செய்தார்கள். அதற்குள் அவர் மேற்றிராசனத்துக் கிறிஸ்தவர்களின் தொகை இரண்டு லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது.

லாபம் வந்தாலும் வேண்டாம்

1930களில் சட்டசபைகளில் மதவாரியாகத் தனித் தொகுதி ஒதுக்கும் பேச்சு எழுந்தது. கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி என்றால், அவர்களில் பெரிய மனிதர்களுக்குப் பதவி நிச்சயம். பலர் மகிழ்ந்தார்கள். பிஷப் அசரியா எதிர்த்தார். அயலாரோடு கலந்து வாழ வேண்டிய சமூகத்தை அது வேலி போட்டுப் பிரித்துவிடும் என்று அவர் அஞ்சினார். தம் கூட்டத்துக்கு லாபம் வரும் காரியத்தைத் தம் கூட்டத்தாரிடமே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அதே துணிவோடு காந்திஜியிடமும் கருத்து வேறுபட்டார். ஒடுக்கப்பட்ட மக்கள் மதம் மாறுவதை காந்திஜி விரும்பவில்லை. தம் வழியைத் தேர்ந்துகொள்ள அந்த ஏழைக்கும் உரிமை உண்டு என்று அசரியா உறுதியாக நின்றார். அந்த வாதம் இன்றும் முடிந்தபாடில்லை. ஆனால் நாடே வணங்கும் ஒருவர் எதிரே நின்றபோதும் அவர் தம் கருத்தை மறைக்கவில்லை.

கடைசி வரை

தென்னிந்தியாவில் பிரிந்து கிடந்த சபைகளை ஒன்று சேர்க்கும் முயற்சியில் அவர் பல ஆண்டு உழைத்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தது. அதைக் காண அவர் இல்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு தினத்தன்று, தோர்ணக்கல்லிலேயே அவர் கண்ணை மூடினார். தெலுங்கு நாட்டு மண் அந்தத் தமிழ்ப் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

எல்லோரும் பிஷப் ஆக முடியாது. எடின்பரோ மண்டபத்தில் பேசும் வாய்ப்பும் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல்யாணம் வரும். ஒவ்வொரு கடையிலும் ஒரு தராசு தொங்கும். உதவி செய்தவரிடம் உண்மை சொல்ல வேண்டிய வேளை ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வரும். அந்த வேளையில், பிறர் குறையைச் சொல்லுமுன் நம் குறையைப் பார்த்தோமா, பிறரைப் போகச் சொன்ன இடத்துக்கு நாம் போனோமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

வெள்ளாளன்விளைப் பிள்ளை தமது முப்பத்து நான்காவது வயதில் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான். அவருடைய பின்வாழ்வு முழுவதும் அதற்கு அவர் சொன்ன பதில்.